இடுப்பில் இரண்டு கணு

தம்பி, முதலில் சாப்பிட்டுவிட்டு வா. வெறும் வயிற்றோடு இதைப் படிக்காதே, நீளமான கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை பேசிவிடுகிறாய், இரண்டு பேரும் "சரி, வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறோம். காகிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். பங்குனி மாதம் நீ எனக்கு ஒரு கட்டளை போட்டாய். ஒரத்தநாட்டுக்குப் போய், உனக்கு மாமனாராக வரப்போகிறவரிடம் நான் சொன்ன பொய்யை நானே ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவரை நீ ஊர்ப்பக்கம் வரமாட்டாய், கல்யாணப் பத்திரிகையும் அடிக்கக் கூடாது என்று. அது என்ன ஆயிற்று என்று பார்க்க நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். நான் சொல்லிக்கொண்டு வருகிறபடியே படி. உன் சிநேகிதர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டுமென்றாலும் காட்டு. ஊரே படித்தாலும் இப்போது எனக்கு வெட்கமில்லை.

பெண் பார்க்கப் போன அன்று நடந்ததை நீ கயல்விழி சொல்லித்தான் கேட்டாய். இப்போது என்னிடம் கேள். முதலில் பெரியவர்கள் பார்த்துவிட்டு வருகிறோம் என்று நானும் அப்பாவும் மட்டும் போனோம். கயல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கால்நடை டாக்டர், நல்ல உயரம், கேட்டதற்கு நிமிர்ந்து பதில் சொல்கிற பெண். பார்த்தவுடனேயே எனக்குப் பிடித்துப்போயிற்று, பிடித்துப்போனதுதான் வினையாயிற்று. அவள் அப்பா உரக்கடை வைத்திருக்கிறவர், கணீரென்ற குரல். "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்று கேட்டார். நீ செய்கிற எறும்பு ஆராய்ச்சி என் உதடு வரைக்கும் வந்தது, தம்பி. ஆனால் வெளியே வந்தது, "அக்ரி ஆபீசரா இருக்கான்." பக்கத்தில் உன் அப்பா வாயில் ஊற்றிய காபியை விழுங்க முடியாமல் தவித்தார். யோசித்துப் பார், பொய் சொல்ல எனக்கு உலகத்தில் வேறு உத்தியோகமே அகப்படவில்லை! உரக்கடைக்காரரிடம் போய் அக்ரி ஆபீசர் என்று சொல்கிறேன். அவர் கடை வாசலை மிதிக்காத ஆபீசர் அந்தப் பக்கத்தில் உண்டா? "எந்த பிளாக்குங்க?" என்றார். நீ இருக்கிற ஊர்தான் வாயில் வந்தது, "பெங்களூர் பக்கம்" என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசிவிட்டு வந்துவிட்டோம்.

நீயும் கயலும் முதல் தடவை போனில் பேசியபோதே விஷயம் உடைந்துவிட்டது. உடனே என்னைக் கூப்பிட்டாய். நீ கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலை, நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ தணிந்த குரலில் கேட்டாய்: "நான் செய்யிற வேலைய வெளிய சொல்ல உனக்கு அவ்வளவு கேவலமா இருக்காம்மா?" அதற்கு நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? எறும்பு பிடிக்கிறவன் என்று சொன்னால் எவன் பெண் கொடுப்பான் என்றேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டளை வந்தது. கயல் தன் அப்பாவிடம் சொல்லமாட்டாள், நீயும் சொல்லமாட்டாய், நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இரண்டு மாதம் உன்னிடமிருந்து பேச்சே இல்லை. தினமும் காலையில் எழுந்தவுடன் இன்றைக்கு ஒரத்தநாடு போய்விட வேண்டும் என்று நினைப்பேன். சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும், சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மத்தியானத்துக்குள் ஏதாவது ஒரு வேலையைச் சாக்கு வைத்துவிடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்று இரண்டு மாதமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாம் விதைநெல் போடுகிற குடும்பம். ஒரே ரகம் நிற்கிற வயலில் வேறு ரகம் ஒன்று தலை நீட்டினால் அது கலவன், வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அந்த வேலையில் என் கண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. விதைச்சான்று ஆபீசர் வயலுக்கு வந்தால், "அம்மா பாத்துட்டாங்கள்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வரப்பிலேயே இறங்குவார். அந்தக் கண்ணை உன் பக்கமும் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. உன் பெரியப்பா பிள்ளைகள் ஒருவன் துபாய், ஒருவன் சிங்கப்பூர் என்று எல்லாரும் ஒரே உயரத்தில் நிற்கும்போது, நீ மட்டும் வரப்பில் குந்திக்கொண்டு எறும்பு பார்த்தாய். எனக்கு நீ கலவனாகத் தெரிந்தாய், தம்பி. பெற்ற பிள்ளையைப் பிடுங்கி எறிய முடியுமா? அதனால் மறைத்தேன். எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

அதுவும் இன்று நேற்று வந்ததில்லை. நீ ஏழாவது படிக்கும்போது நாற்றங்காலில் தெளித்த விதையை எறும்பு இழுத்துக்கொண்டு போகிறது என்று வரப்பு நெடுக மருந்துப் பொடி தூவினேன். அந்தப் புற்றை நீ நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தூவினேன். நீ வரப்பில் உட்கார்ந்து அழுதாய். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை என்று முதுகில் இரண்டு வைத்தேன். விதையை இழுத்தது அந்தப் புற்று இல்லை, பக்கத்துப் புற்று என்று நீ விக்கிக்கொண்டே சொன்னாய். எறும்பில் என்ன இந்தப் புற்று அந்தப் புற்று என்றேன். உன்னைப் போல் பிள்ளையைப் பெற்ற ஒருத்தி சொல்லக் கூடாத வார்த்தை அது. நாளைக்கு உனக்கும் ஒரு குழந்தை பிறந்து, உனக்குப் புரியாத ஒன்றின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், ஒன்றும் சொல்லாமல் நீயும் பக்கத்தில் போய் உட்கார். புரியாவிட்டால் பரவாயில்லை.

இனி ராணி கதைக்கு வருகிறேன். வைகாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். குறுவைக்கு எடுத்து வைத்த விதைநெல்லை ஒரு வெயில் காட்டிவிடலாம் என்று களத்தில் கொட்டியிருந்தோம். சாயங்காலம் கோடை மழை ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்தது. மறுநாள் விடிந்ததும் தார்ப்பாயை விலக்கப் போனேன். அதன்மேல் தேங்கிய தண்ணீர் ஓரமாக ஒரு பெரிய எறும்பு தனியாக நடந்துகொண்டிருந்தது. நடை எறும்பு நடையாகவே இல்லை, அப்படி ஒரு கனம். முதுகு திமில் மாதிரி புடைத்திருந்தது. குனிந்து பார்த்தால் அந்தப் புடைப்பில் பக்கத்துக்கு இரண்டு தழும்பு, சிறகு உதிர்ந்த இடம். ராணிதான். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பத்து வருஷம் நீ சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொன்னதையெல்லாம் நான் கேட்கவில்லை என்றா நினைத்தாய்? காது பாட்டுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓடிப்போய் பீரோவிலிருந்து உன் பழைய கண்ணாடிக் குழாயை எடுத்து வந்தேன். அடியில் தண்ணீர், நடுவில் பஞ்சு, அப்புறம் ராணி, குழாய் வாயில் கொஞ்சம் பஞ்சு. நீ செய்வாயே, அதே மாதிரி.

மேலிருந்து ஒரு படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் எதற்கும் பதில் போடாதவன், எறும்பென்றதும் ஐந்து நிமிஷத்தில் போட்டாய். "கட்டெறும்பு ராணி. ரொம்ப காமன். விட்டுடு." அவ்வளவுதான். பதில் வந்துவிட்டதே என்று சந்தோஷத்தில் அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். காட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பும்போதுதான் அந்த "காமன்" உறுத்தத் தொடங்கியது. நான் பிடித்த ராணி காமனா?

கலவன் பார்க்கிறவர்கள் தூரத்திலிருந்து நிறத்தைப் பார்த்து முடிவு கட்டமாட்டார்கள். நிறம் ஏமாற்றும். மண்ணுக்கு ஒரு பச்சை, உரத்துக்கு ஒரு பச்சை காட்டும். உயரமும் ஏமாற்றும். இறங்கிப் போய், தூரைப் பிடித்து, கணுவைப் பார்க்க வேண்டும். அதைத்தான் செய்தேன். தானியத்தில் வண்டு பார்க்க அப்பா வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முருங்கை மரத்தடியில் செத்துக் கிடந்த கட்டெறும்பு ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கட்டெறும்பு கரிக் கறுப்பு. நம் ராணி படத்தில் கறுப்பாக இருந்தாலும், வெயிலில் தூக்கிப் பிடித்தால் கருப்பட்டி நிறம். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இடுப்பைப் பார்த்தேன். கட்டெறும்புக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரே ஒரு கணு, செதில் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ராணி சும்மா நிற்கவில்லை, கால்களை இடுப்பின்மேல் மடக்கிக்கொண்டு மறைத்தாள். நானும் விடவில்லை. பாலைப் பொங்கவிட்டேன், அரிசியைக் குழையவிட்டேன். கடைசியில் அவள் குழாயின் சுவரில் ஏறித் திரும்பினாளே, அப்போது பார்த்தேன். ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. இரண்டு கணு. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் இரண்டு.

"இடுப்புல ரெண்டு கணு இருக்கு. கட்டெறும்பு இல்ல" என்று உனக்கு அனுப்பினேன். நீ எழுதிய பதிலை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. "இவ்ளோ பெருசா நம்ம ஊர்ல வேற வராதும்மா. நல்லா பாக்காம சொல்லாத. நீ சொல்றத வச்சு நான் எப்படி நம்புறது?" எறும்பை மட்டும் மனசில் வைத்து நீ அதை எழுதவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் வீம்பு வந்தது. சரிடா, இந்த ராணி பிள்ளை பெறட்டும், பிள்ளைகள் வந்து சொல்லட்டும், என் கண் பொய் சொல்லுமா என்று பார்க்கலாம் என்று முடிவு பண்ணினேன்.

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குத்தான் பிரசவப் பணிவிடை. சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்த் தட்டில் வைப்போம் இல்லையா, அதே தட்டை எடுத்து நடுவில் ராணியை வைத்தேன். வெளி எறும்பு ஏதும் ஏறி அவளைக் கடித்துவிடக் கூடாதே. இத்தனை வருஷம் எறும்பை விரட்டி வைத்த தட்டு, முதல் தடவையாக ஒரு எறும்புக்குக் காவல் காத்தது. உன் அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. "சம்பந்தி வீட்டுக்குப் போவ பயந்துகிட்டு இங்க எறும்புக்குத் தாதி வேல பாக்குறியா?" என்று கேட்டார். அந்த மனுஷன் வருஷத்தில் நாலு வார்த்தைதான் பேசுவார், பேசினால் சரியாக ஆணி அடித்த மாதிரி இருக்கும். நான் தட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

நாலாம் நாள் முட்டை வைத்தாள். கட்டெறும்பு ராணி முதலில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் வைக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். இவள் ரவையைக் கொட்டினாற்போல் ஒரு குவியல் வைத்தாள். எனக்கு அப்போதே பாதி தெம்பு வந்துவிட்டது. பிறகு புழு, பிறகு கூட்டுப்பருவம். கட்டெறும்பு, மழைக்கு முன்னால் பழுப்பு நிற மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஓடுமே, முட்டை என்று நாம் சொல்வோம், அது முட்டை இல்லை, குட்டி தன்னைச் சுற்றிப் பின்னிக்கொண்ட கூடு என்று நீதான் சொன்னாய். இங்கே கூடும் இல்லை, மூட்டையும் இல்லை. வெள்ளை வெளேரென்று, காலும் மீசையும் மடித்துவைத்தபடி, துணி சுற்றாத குழந்தைகள். இதையும் படம் எடுத்தேன். ஆனால் உனக்கு அனுப்பவில்லை. ஜெயிக்கிற நேரத்தில் அவசரப்படக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாள் வெயில் பட்டுவிட்டது என்று தட்டோடு தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன், ஒரு நாள் ராணி அசையாமல் கிடக்க, போய்விட்டாள் என்றே நினைத்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நீ ஏழாவதில் பட்டினி கிடந்தது எதனால் என்று அன்றைக்குத்தான், தம்பி, எனக்கு உறைத்தது.

ஆற்றில் தண்ணீர் வந்து, நாற்றங்கால் சேறடித்துக்கொண்டிருந்த வாரம் அது. காலையில் தட்டைப் பார்த்தால் குழாய்க்குள் தூசி ஓடுகிற மாதிரி இருந்தது. கண்ணாடியை வைத்தேன். தூசி இல்லை, பிள்ளைகள்! எள்ளில் பாதிகூட இல்லை ஒவ்வொன்றும். அவ்வளவு பெரிய அம்மாவின் மீது ஏறி இறங்கி அவளை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் களத்து ஓரமாகச் சாரை சாரையாகப் போகுமே சிற்றெறும்பு, அந்த வரிசைக்கு நடுவில் யானை மாதிரி ஒன்றிரண்டு நடக்குமே, அது. இரண்டும் வேறு வேறு சாதி என்று நான் சொன்னபோது, "இல்லம்மா, எல்லாம் அக்கா தங்கச்சிங்க" என்று சண்டை போட்டாயே, அந்தக் கூட்டத்தின் ராணி. வீடியோ எடுத்து அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

நீ கூப்பிட்டாய். எடுத்தவுடன் நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "அம்மா, நான் சொன்னது தப்பு. நீ சொன்னதுதான் சரி. இது கேரிபாராங்கிற சாதி. மேலேருந்து பாத்துட்டு, பெருசா இருக்குன்னு கட்டெறும்புன்னு சொல்லிட்டேன்" என்றாய். உங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்த ராணி உயிரோடு ஒன்றுகூட இல்லை என்றாய். எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு என் வீடியோவைப் போட்டுக் காட்டி, "எங்க அம்மா கண்டுபிடிச்சாங்க, நான் தப்பா சொன்னேன்" என்று சொன்னாயாம். போனை வைத்துவிட்டுக் களத்தில் அங்குமிங்கும் நடந்தேன். பூமியில் கால் பாவவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு மூன்று தடவை சொன்னேன். நீ பிறந்த அன்று இப்படி ஒரு சந்தோஷம் வந்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

ஆனால் நடந்துகொண்டிருக்கும்போதே ஒன்று தைத்தது. எறும்பு உன் படிப்பு, உன் உத்தியோகம், உன் பேர். அதில் நீ தப்பு விட்டதை, கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் வைத்து, ஒரு மூச்சில் சொல்லிவிட்டாய். சொன்னதால் உனக்கு ஒன்றும் குறையவில்லை. குரலில் சிரிப்புத்தான் இருந்தது. நான் ஒரு பொய்யை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக ஒரு பஸ் ஏற முடியாமல் கிடக்கிறேன். பெற்றவள் நான்தானே, இந்தத் தைரியம் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கவே முடியாது. மறுநாள் காலை முதல் வேலையாகப் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அப்பா கூட வருகிறேன் என்றார். வேண்டாம், பொய் சொன்னது என் வாய், அது தனியாகவே போகட்டும் என்றேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சம்பந்தி என்னைப் பார்த்ததும், "வாங்க வாங்க, தனியா வந்துருக்கீங்க?" என்று எழுந்தார். உள்ளே போய்ப் பேசலாம் என்றார். உள்ளே போனால் திரும்பவும் வாய் மாறிவிடும் என்று பயம் எனக்கு. அங்கேயே நின்றேன். "நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க. என் புள்ள அக்ரி ஆபீசர் இல்ல. எறும்பப் பத்தி ஆராய்ச்சி பண்றான். அத சொல்ல வெக்கப்பட்டு அப்படிச் சொன்னேன். அவனுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. உன்னிடம் மறைக்க மாட்டேன், அவருக்கு நல்ல கோபம். "ஆபீசரா இல்லாட்டி போவுது. நாளைக்கு எம் பொண்ணு உங்க வீட்டுக்குல்ல வரப்போறா, நீங்க சொல்றத அவ நம்பணுமே?" என்றார். நீ கேட்ட அதே கேள்வி, தம்பி. உன்னிடம் பதில் சொல்ல முடியாமல் அழுதேன். இவரிடம் அழவில்லை. "அதுக்குத்தான் நானே வந்தேன். வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, இருக்குறத இருக்குறபடி சொல்றேன்" என்றேன்.

கேட்டார், கேட்டார், அரைமணி நேரம் கேட்டார். எறும்பைப் பார்த்து என்ன கண்டுபிடிக்கிறார்கள், நிரந்தர வேலையா, படிப்பு எப்போது முடியும், எல்லாம். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். நடுவில் ராணி கதையும் வந்துவிட்டது. இரண்டு கணுவைச் சொன்னேன், நீ ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். அந்த இடத்தில் மட்டும் அவர் கை வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அவ்ளோ படிச்சவரு, பெத்த தாய்கிட்ட தான் சொன்னது தப்புன்னாரா?" என்று கேட்டார். ஆமாம், சொன்னான் என்றேன். அப்போது வயல் எறும்புக்குப் பொடி கேட்டு ஒருத்தர் வந்தார். சம்பந்தி பொடியை எடுக்கப் போனவர் நின்று, திரும்பி, அந்தக் கணீர்க் குரலில் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "என்ன எறும்புன்னு பாத்தீங்களா? பாத்துட்டு வாங்க. எங்க மாப்பிள்ள எறும்பு ஆராய்ச்சி பண்றவரு, கேட்டுச் சொல்றேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன், என் மகன் என்ன வேலை செய்கிறான் என்று. பாவம், மன்னார்குடி வரைக்கும் அவளுக்குத் தப்பிக்க வழியில்லை. சம்பந்தியையும் கயலையும் உன்னிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இது நான் சொல்ல வேண்டியது.

சொல்லிவிட்டேன், தம்பி. கடை நிறைய ஆள் இருக்கும்போது, நின்றபடி, சத்தமாகச் சொல்லிவிட்டேன். நீ வா.

அம்மா